இரண்டாவது தட்டு

டங்கென்று எவர்சில்வர் தட்டு சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டது. கை தவறிய ஒரு தட்டு இத்தனை சத்தம் போடும் என்று அகிலாவே நினைக்கவில்லை.

ஏழு குழந்தைகள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். இரண்டு பேர் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். பால்வாடியின் மூலையில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் விஜயலட்சுமி பேப்பரில் எதையோ சுழித்தார்.

"குழந்தைங்களைப் பயமுறுத்தினா மார்க் போயிடும்னு ட்ரெயினிங்ல சொல்லித்தந்தாங்களா இல்லியா?"

"சொன்னாங்க மேடம். ஸாரி மேடம்."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சு, நேரா ஃபெயில்தான்."

அகிலா குனிந்து தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். குழந்தைகள் பராமரிப்புப் பயிற்சியின் செய்முறைத் தேர்வை ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. திங்கட்கிழமை சர்டிபிகேட்டோடு போய் நின்றால்தான் குட்வில் எஸ்டேட் காப்பகத்தில் வேலை. இல்லையென்றால் பெரார்கஞ்சிலிருந்து தினமும் பஸ் ஏறிப் படித்ததெல்லாம் பாழ்.

அழுத பிள்ளைகளை ஒருவழியாகச் சமாதானப்படுத்தி, பாட்டுக்காக எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தாள். எட்டாவது ஆள் கௌதம் மட்டும் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தான்.

"கௌதம், இதர் ஆவோ பேட்டா!" என்று ஹிந்தியில் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

அவன் அசையவில்லை.

"அவன் பெங்காலி வீட்டுப் பையன்மா. ஹிந்தியும் வராது, தமிழும் வராது" என்றாள் ஆயா ராணி. "சேர்ந்து மூணு மாசம்தான் ஆச்சு. சோடோ, விட்டுடு, போகப் போகப் பழகிடும்."

பக்கத்து வீட்டில் பழகிய பெங்காலியில் அகிலா கூப்பிட்டுப் பார்த்தாள். அதற்கும் அவன் மசியவில்லை.

"பாத்தியா பிடிவாதத்த!" என்று ராணி சிரித்தாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார் விஜயலட்சுமி.

அகிலா தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். கௌதமுக்கு நேர் பின்னால் வந்தபோது மறுபடியும் டங்!

அறை முழுக்க அழுகை. "அரே பாப்ரே!" என்று ராணி ஓடிவந்தாள்.

விஜயலட்சுமி பேப்பரின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டுவிட்டு எழுந்தார். "ஒரு தட்டைப் பிடிக்கத் தெரியல. உங்களை நம்பி எப்படிம்மா பிள்ளைய விடுறது?"

அகிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"இது தவறி விழல மேடம், நானேதான் போட்டேன். கௌதமைப் பாருங்க, திரும்பக்கூட இல்ல... அவனுக்குக் காது கேக்கல."