அட்டைக்கு ஒருவர்

அரசாங்கக் காப்பீட்டைத் தனியார் கம்பெனி எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு, ஒரு குடும்ப அட்டைக்கு வருடத்தில் ஒரு சிகிச்சைதான். "ரெண்டு பேர்ல யாருக்கு?" என்று கவுண்டர் பெண் நிமிராமல் கேட்டாள். சூசை, மனைவி பிலோமினாவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "இவளுக்குத்தாம்மா, கண்ணுல புரை. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இருக்கு, வேற ஒண்ணுமில்ல." தேதிக்காகக் காத்திருந்த வாரங்களில் வீட்டில் ஒரு நாற்றம் அடித்தது. "எலி எங்கயோ செத்துக் கெடக்கு, பாருங்க" என்றாள் பிலோமினா. பீரோவை நகர்த்தும் சத்தம் கேட்டது. "தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். மறுநாளும் அடித்தது. "இன்னொண்ணு போல" என்றார். கண்கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று அவள் சுவரை, காலண்டரை, கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் முகத்தை ஆசையாகப் பார்த்தாள். இவ்வளவு இளைத்துவிட்டாரா? அவர் வேட்டியை இழுத்து இடது பாதத்தை மூடினார். மூடிய இடத்தில் ஈக்கள் வந்து உட்கார்ந்தன. "காலக் காட்டுங்க." "இப்பதான கட்டுப் பிரிச்சிருக்கு, கண்ண அலட்டாத." அவள் குனிந்து வேட்டியைத் தூக்கினாள். சட்டென்று அவர் உள்ளங்கை அவளுடைய புதுக் கண்ணைப் பொத்தியது. அந்தக் கை அனலாய்க் கொதித்தது.