ஜாஃபாவுக்குச் சேர்த்த துணி

“பிடிங்க அவளை! துணிக் குவியல்ல கை வச்சுட்டா!”

தொண்டன் தேனப்பன் போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பிப் பார்த்தது.

1936-ஆம் வருஷம். காரைக்குடி மகர்நோன்புத் திடலில் பாலஸ்தீன மக்களுக்காக அனுதாபக் கூட்டம். ரங்கூனிலிருந்து திரும்பியிருந்த இளம் வியாபாரி ஏகப்பன் பத்து நாளாக அலைந்து ஏற்பாடு செய்தது. அங்கே யூதருக்கும் அரபுக்காரருக்கும் சண்டை. அதை அடக்குகிறேன் என்று வெள்ளைக்கார சர்க்கார் ஜாஃபா ஊரில் தெருத்தெருவாக வீடுகளை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது.

வீடிழந்தவர்களுக்குக் கப்பலில் அனுப்பத்தான் மேடைக்குப் பக்கத்தில் துணி குவிந்து கிடந்தது. சேலை, வேட்டி, பிள்ளைகளின் பாவாடை, சட்டை. பள்ளத்தூரிலிருந்துகூட ஒரு வண்டி வந்திருந்தது.

மேடையில் பொன்னழகு பேசிக்கொண்டிருந்தார். நாலு கிராமத்துக்குப் பெரிய பண்ணை. வரப்போகிற எலெக்‌ஷனில் நிற்கப் போகிறார் என்று பேச்சு. புதுக் கதர்ச் சட்டை மொடமொடத்தது.

“யூதர் வீடானால் என்ன, அரபு வீடானால் என்ன? உள்ளே இருப்பது பச்சைப் பிள்ளையும் பெற்ற தாயும்தானே! தீ வைத்தவன் மட்டுமா பாவி? வைக்கச் சொன்னவன் அவனைவிடப் பெரிய பாவி!”

சொல்லும்போதே அவர் அழுதுவிட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்னால் உட்கார்ந்திருந்த ஆச்சிமார்களும் மூக்கை உறிஞ்சினார்கள்.

அந்த நேரத்தில்தான் தேனப்பன் கத்தினான்.

பிடிபட்டவளுக்கு நாற்பது வயதிருக்கும். இடுப்பில் கரி படிந்த கிழிசல். ஒரு சேலையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பொன்னழகு மேடையிலிருந்தே குனிந்து பார்த்தார். “அங்குட்டு இழுத்துக்கிட்டுப் போங்கப்பா. கூட்டத்தைக் கெடுக்காதீக.”

ஏகப்பனுக்கு ஆத்திரம். வேகமாக வந்தான்.

“ஒம் பேரென்ன?”

“ராக்காயிங்க, சாமி.”

“வீடில்லாம நிக்கிற சனங்களுக்குன்னு வச்ச துணி. அதுலயா திருடுறது? வெக்கமா இல்லை?”

“திருடலை, சாமி. அம்புட்டுப் பேரும் பாக்கத்தேன் எடுத்தேன். தமுக்கு அடிச்சுச் சொன்னீகள்ல?”

“என்ன சொன்னோம்?”

“வீடு வாசல் போயி, பிள்ளைகுட்டியோட வெட்டவெளியில நிக்கிற சனங்களுக்குத் துணின்னு சொன்னீக. அதேன் ஓடியாந்தேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தேனப்பன் அவள் கையிலிருந்த சேலையைப் பிடித்து இழுத்தான்.

“அடியே, அது ஒனக்கில்ல. கடலுக்கு அங்குட்டு, பாலஸ்தீனம்னு ஒரு தேசம். அங்க இருக்கிறவுகளுக்கு!”

ராக்காயி அவனையே பார்த்தாள்.

“அங்குட்டும் கொளுத்துறாகளா, சாமி?”

“அங்குட்டும்னா?” என்றான் ஏகப்பன்.

“எங்க குடியிருப்பு முந்தாநாத்து எரிஞ்சுபோச்சுங்க. பதினாலு குடிசை. எம் மக ரவிக்கை போட்டுக்கிட்டுத் தண்ணிக்குப் போனா. எங்க சாதிப் பொம்பளைக போடக்கூடாதுல்ல? அந்தக் குத்தத்துக்கு.”

சிரிப்பு நின்றது.

“ராத்திரி தங்க யாருக்கும் எடமில்ல. எம் மருமக பிள்ளை பெத்து ஒம்பது நாளு. நெருப்புக்குள்ள விழுந்து ஓடியாந்ததுல, கட்டியிருந்த சீலை பாதிக்கு மேல போச்சு. கம்மாய்க்குள்ள கருவ மரத்துக்குப் பின்னால குறுகி உக்காந்திருக்கா. மனுச மக்க முன்னால எந்திரிக்க மாட்டாம.”

“பிள்ளை?” என்றான் ஏகப்பன்.

“பிள்ளையை எடுக்க முடியல, சாமி.”

அவள் சேலையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“நேத்துத்தேன் பொதைச்சோம். சுத்துறதுக்குத் துணி இல்ல. வாழை எலையில சுத்திப் பொதைச்சோம்.”

தேனப்பனின் கை தானாக விலகிக்கொண்டது. ஆச்சி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏகப்பன் பத்து நாளாகப் பேப்பரில் ஜாஃபா, ஜாஃபா என்று வரி விடாமல் படித்தவன். இந்தத் திடலிலிருந்து நாலு மைலில் எரிந்தது அவனுக்குத் தெரியவில்லை.

“ஐயா!” என்று மேடையைப் பார்த்துக் கூவினான். “கேட்டீகளா? நீங்களே எறங்கி வந்து கேளுங்க!”

பொன்னழகு இறங்கி வரவில்லை. செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

ஏகப்பன் ராக்காயியிடம் திரும்பினான்.

“யாரும்மா செஞ்சது? பயப்படாமச் சொல்லு. இதே மேடையில தீர்மானம் போடுவோம். கலெக்டருக்குத் தந்தி அடிப்போம். பேரை மட்டும் சொல்லு.”

ராக்காயி கையிலிருந்த சேலையை ஒழுங்காக மடித்துக் குவியலின் மேல் திரும்ப வைத்தாள்.

“வேணாம், சாமி. அந்தத் தேசத்துச் சனத்துக்கே போகட்டும். பாவம், அவுகளும் பிள்ளைகுட்டிக்காரவுக. நாந்தேன் தப்பா வெளங்கிக்கிட்டேன்.”

“என்னத்தைத் தப்பா வெளங்கிக்கிட்ட?”

அவள் தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தாள்.

“கொளுத்தச் சொன்னவுகளே மேல நின்னு அழுதாகளா… மனசு எரங்கி, எங்களுக்காகத்தேன் அழுகுறாகன்னு நெனச்சுட்டேன்.”