சீசர் ஏறிய கார்

“வாயால எச்சி ஒழுகுதே ஐயா! இத எப்படி நான் கார்ல ஏத்துற?”

வாடகைக் கார்க்கார அஸீம் நானா இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

பாலேந்திரனுக்கு வந்ததே கோபம்! கண்டி அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் அவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் எழும்பி, நாயைத் தூக்கிக்கொண்டு குண்டசாலைச் சந்திக்கு ஓடி வந்திருக்கிறார். பின்னாலேயே மனைவி தவமணி, அழுதபடி. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் சீசர்தான் எல்லாம்.

“தொண்டையிலை கோழி எலும்பு சிக்கிப் போச்சு நானா! மூச்சு விட ஏலாமல் கிடக்கு. கண்டியிலை மாட்டு டாக்குத்தரிட்டைக் கொண்டு போகவேணும். கெதியா!”

சந்தியில் வேறு கார் கிடையாது. அஸீம் நானா நாயின் பிதுங்கிய கண்ணைப் பார்த்தார்.

“சரி, ஏறுங்க.”

ஏறவிட்டாரா? அதுதான் இல்லை. ஓடிப்போய்க் காய்ந்த சாக்கு ஒன்றை எடுத்துவந்து பின் சீட்டில் விரித்தார். அதற்கு மேல் இன்னொரு சாக்கு. அதற்கும் மேல் தன் தோளில் கிடந்த துவாய்.

“எச்சியெல்லாம் இதுல விழட்டும். சீட்டுல ஒரு சொட்டும் படப்படாது. என்ட பக்கம் கிட்டவும் கொண்டு வராதீங்க.”

“உயிர் போகுது எண்டுறன், நீர் சீட்டைப் பற்றிக் கதைக்கிறீர்!” பாலேந்திரன் கத்தினார். “அவ்வளவு அருவருப்போ உமக்கு? இதுவும் கடவுள் படைச்ச சீவன்தானே காணும்!”

அஸீம் நானா முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றினார். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

கிளம்பியதா, பறந்தது! பாம்! பாம்! என்று ஹோர்ன் அடித்த அடியில் றோட்டில் நின்ற கோழி, ஆடு எல்லாம் காட்டுக்குள் பாய்ந்தன. ஆனால் வளைவு வந்தால் மட்டும் கார் பூப்போலத் திரும்பியது.

“குலுக்கினா எலும்பு உள்ளுக்கு எறங்கிரும் ஐயா. தலையத் தோள்ல சாச்சிக்கோங்க. கழுத்தத் தொங்கவிடாதீங்க. அம்மா, அந்தப் பக்கத்துப் படங்குத் திரையச் சுருட்டி விடுங்க, காத்துப் படட்டும்.”

“பெரிய அக்கறைதான்!” என்று பாலேந்திரன் முணுமுணுத்தார்.

மகாவலிப் பாலத்தில் ஏறியதும் கார் சடாரென்று நின்றது. முன்னால் ஒரு மாட்டு வண்டி, சக்கரம் கழன்று, பாலத்துக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தது. பத்துப் பேர் கூடித் தள்ளியும் அசையவில்லை.

“ஐயோ, சீசரைப் பாருங்கோ!” தவமணி அலறினாள்.

நாக்கு நீலம் பாரித்துவிட்டது. கால்கள் விறைத்துக்கொண்டு வந்தன. பாலேந்திரன் அதன் வாய்க்குள் விரலை விட்டார். சீசர் பல்லை நெறுமியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

“கடிக்குதப்பா! என்ன செய்வன்? முருகா!”

முன் கதவு திறந்தது. அஸீம் நானா குதித்து வந்தார். ஒரு கணம் நாயைப் பார்த்தபடி நின்றார். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார்.

“பிஸ்மில்லா!”

நாயின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வலது கையை அதன் வாய்க்குள் விட்டார், மணிக்கட்டு மறையும்வரை! எச்சிலும் இரத்தமும் சட்டையில், சாரத்தில், முன் சீட்டில், எங்கும் தெறித்தன. சீசர் கடித்தது. அவர் விடவில்லை.

“புடிச்சிட்டேன்... புடிச்சிட்டேன்... இந்தா!”

விரல் நீள எலும்பு!

சீசர் இருமியது. மூச்சை இழுத்தது. பிறகு அஸீம் நானாவின் கையைப் புறங்கை, முழங்கை என்று ஓரிடம் விடாமல் நக்கியது. வண்டி தள்ளியவர்கள் எல்லோரும் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள்.

“போதும்டா! போதும்டா!” அஸீம் நானா விழுந்து விழுந்து சிரித்தார்.

பாலேந்திரனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “நானா, நீங்கள் எங்களுக்குத் தெய்வம்!”

இனி எதற்கு டாக்குத்தர்? காரைத் திருப்பி, வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டார் அஸீம் நானா. சீசர் துள்ளிக் குதித்து நேரே குசினிக்குள் ஓடியது. பாலேந்திரன் சாப்பிடுகிற பித்தளைத் தட்டிலேயே அதற்குப் பால் ஊற்றி வைத்தாள் தவமணி.

“உடுப்பெல்லாம் பழுதாப் போச்சே நானா!”

“கழுவினாச் சரி ஐயா. நாயிட எச்சி பட்டா எங்கட மார்க்கத்துல ஏழு தரம் கழுவணும். அதுல ஒரு தரம் மண் கரைச்ச தண்ணி. காரையும் அப்படித்தான். இப்ப ஆத்துக்குத்தான் போற.”

“ஏழு தரமோ!” பாலேந்திரனுக்குச் சந்தியில் கத்தியது நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது. “அப்ப, தெரிஞ்சுகொண்டோ கையை விட்டனீங்கள்?”

“கையில பட்டது கழுவினாப் போயிரும். உசிரு போனா வருமா?” என்றார் அஸீம் நானா. “அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க.”

தவமணி புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணால் தாழ்வாரத்தைக் காட்டினார். வெளியாட்களுக்கென்று அங்கே கவிழ்த்து வைத்திருந்த தகரப் பேணியை எடுத்துத் தண்ணீர் வார்த்து, படியில் வைத்தாள்.

அஸீம் நானா நாய் நக்காத கையால் எடுத்துக் குடித்துவிட்டு, பேணியை அதே படியில் வைத்தார். தவமணி இரண்டு விரலால் அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கழுவினாள். மறுபடியும் சாம்பல் போட்டாள்.

காரில் ஏறப்போன அஸீம் நானா நின்று அதைப் பார்த்தார். கோபமே இல்லாமல் கேட்டார்:

“நாய்க்கு ஏழு தரம் ஐயா. எனக்கு எத்தனை தரம்?”