விமானம் எத்தனை மணிக்கு?

"இன்னைக்கு விமானம் எங்க ஊர் மேல எத்தனை மணிக்கு வரும்?"

போனில் மறுபடி அதே குரல், அதே கேள்வி. ஐலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாலு மணிக்கு. எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான், ஆராய்ச்சிக்காரம்மா." பட்டென்று வைத்துவிட்டார்.

விமானத்தில் கருவியைப் பொருத்திக்கொண்டிருந்த ஓஸ்மோ சிரித்தான். "யாரு, டிராக்டர்ல பனி அள்ளுற தௌனோவா? உன் குரலைக் கேக்கணும்னு ஆசையோ என்னமோ."

"போடா. மூணு வாரம் முன்னால அந்த ஊர் மேல பறக்கும்போது கருவியில புகை அளவுக் கோடு எப்படி விர்ருனு ஏறுச்சு? எவனோ குப்பையை எரிச்சிருக்கான். கிராமத்துப் புகை கலந்து ஆராய்ச்சி கெட்டுப்போச்சுன்னு பேப்பர்லகூட வந்துச்சு. அன்னையிலேருந்துதான் இவர் நேரம் கேக்குறார். நாம போனதும் கொளுத்தலாம்னு."

"போனப்புறம்தானே? நமக்கென்ன?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே கொளுத்திட்டா?"

ஓஸ்மோ சிரிப்பை நிறுத்திவிட்டான்.

நகரத்துப் புகை காற்றோடு எத்தனை தூரம் போகிறது என்று பறந்து பின்தொடர்வதுதான் அவர்கள் வேலை. கிழக்கே இருந்த அந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு ஓயாத இருமல். நகரசபையோ, "எங்க புகை அங்க வராது, எல்லாம் அவங்க அடுப்புப் புகை" என்று சாதித்தது. திங்கட்கிழமை நகரசபைக் கூட்டம்; அதற்குள் ஆதாரம் வேண்டும். காற்று அந்த ஊர்ப் பக்கம் வீசுவது அதற்கு முன் இன்று ஒரு நாள்தான்.

"நீ பற. நான் வேன்ல போய்க் கையும் களவுமா பிடிக்கிறேன்" என்று கிளம்பினாள் ஐலா.

போய்ச் சேர்ந்தபோது நாலு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது. மைனஸ் பதினெட்டு குளிர். திரும்பி வரும்போது வேன் கதகதப்பாக இருக்கட்டும் என்று எஞ்சினையும் ஹீட்டரையும் ஓடவிட்டு இறங்கினாள்.

சனிக்கிழமை மதியம் விறகை மூட்டி, வேர்க்க வேர்க்க சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் உட்காராத பின்லாந்துக்காரரை அவள் பார்த்ததில்லை. ஆனால் இன்று சனிக்கிழமையாக இருந்தும் இந்த ஊரில் ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை.

தௌனோ வீட்டுப் படியில் நின்றிருந்தார். கம்பளிக் கோட்டுக்கு மேல் குளியல் துண்டு, கையில் தீப்பெட்டி.

"என்னத்தை எரிக்கப் போறீங்க?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"சவுனா அடுப்பைத்தான்" என்றார் அவர். "விமானம் போகட்டும்னு நிக்கிறேன்."

"புரியலை."

"அன்னைக்கு உங்க ஆராய்ச்சியைக் கெடுத்தது எங்க சவுனாப் புகைதான். முப்பத்தோரு வீட்டுலயும் ஒரே நேரத்துல மூட்டிட்டோம். பேப்பரைப் பார்த்ததும் வெக்கமாப் போச்சு. அதுலேருந்து விமானம் வர்ற நாள்ல அது போற வரைக்கும் யாரும் தீக்குச்சியைக் கிழிக்கிறதில்லை. வீட்டு அடுப்பையும் அணைச்சாச்சு."

"இந்தக் குளிர்லயா? பிள்ளைங்க?"

"ரெண்டு கம்பளி போத்திக்கிட்டுக் கிடக்குதுங்க. அதுங்களுக்காகத்தானே பறக்குறீங்க?"

ஜன்னல்களில் குல்லாய் போட்ட குட்டித் தலைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. இவர்களையா சந்தேகப்பட்டோம் என்று ஐலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

மேற்கே விமானச் சத்தம் லேசாகக் கேட்டது. தௌனோ வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சொல்லலாமா வேண்டாமா என்று துண்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஆராய்ச்சிக்காரம்மா. உங்க டீசல் வேன் ஓடிக்கிட்டே இருக்கு. விமானம் போற வரைக்கும் கொஞ்சம் அணைச்சு வைக்கிறீங்களா?"