எந்தச் சட்டை?

என் மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆபரேஷன் தியேட்டர் வாசலில். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தச் சட்டையத் தூக்கிப் போட்டுறாதீங்க."

"எந்தச் சட்டை?" என்று கேட்பதற்குள் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கதவு மூடிக்கொண்டது.

அவள் திரும்பி வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் என் மச்சினி இதைத்தான் சொன்னாள். மனைவியின் ஒரே தங்கை. எனக்குத் துணையாக வந்து தங்கியிருந்தாள்.

"போற நேரத்துலயும் அக்காவுக்குப் புருஷன் சட்டை ஞாபகம்தான். இந்தக் காலத்துல யாருக்கு வரும்?"

கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

ஆனால் எந்தச் சட்டை? பீரோவைக் கவிழ்த்துத் தேடினேன். கடைசியில் மச்சினி, காலர் நைந்த நீலச் சட்டை ஒன்றை உருவினாள்.

"இதுதான் அத்தான். கல்யாணமான புதுசுல அக்கா எடுத்துக் குடுத்தது."

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையே."

"உங்களுக்கு எதுதான் ஞாபகம் இருந்திருக்கு?"

போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்தவர்கள் முதலில் சட்டையைப் பார்த்தார்கள், அப்புறம்தான் என் முகத்தை.

இதே மச்சினிதான் அக்கா உயிரோடு இருந்தபோது, "உடம்பு இருக்கிற இருப்புக்கு நண்டு வளர்ப்பு ஒரு கேடா?" என்று கேட்டவள்.

படுக்கையை விட்டு எழ முடியாமல் போனதும் மனைவி என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். வளர்ப்பு மீன் விற்கும் கடையில் எப்போதோ பார்த்த நில நண்டு. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். தங்கை சொன்னதை அவள் சட்டை செய்யவில்லை.

நான் படங்களுக்கு ஃப்ரேம் போடுகிறவன். கண்ணாடி வெட்டத் தெரியும், அதனால் தொட்டியையும் நானே ஒட்டினேன். ஆனால் படம் ஒழுகாது, தொட்டி ஒழுகியது. கீழே விரித்த செய்தித்தாள் நனைந்ததைப் பார்த்து, கட்டிலில் இருந்தபடியே சிரித்தாள்.

"தண்ணிக்குள்ள நண்டா, இல்ல தண்ணிக்குள்ள நாமளா?"

பிரித்து, துடைத்து, மறுபடியும் சிலிக்கான் பசை தடவி ஒட்டினேன். நடுவில் ஒரு தடுப்புக் கண்ணாடி. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த ஈர மண். ஏறி இறங்கச் சரிவாகக் கற்கள், இடுக்கில் பாசி, ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டி, மேலே வலை மூடி.

"இன்னும் மண்ணு போடுங்க."

"நண்டுக்கு வீடு கட்டுறோமா, கெணறு வெட்டுறோமா?"

"அது உள்ள போய் உக்காரணும். போடுங்கன்னா போடுங்க."

இரண்டு நண்டுகளை விட்டோம். அவை நீருக்கும் மண்ணுக்கும் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் வலி என்று சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே ஒரு நண்டு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. எட்டியே பார்க்கவில்லை.

அவள் போன பிறகு ஒரு நாள் காலையில் தொட்டிக்குத் தண்ணீர் தெளிக்கப் போனேன். ஒரு நண்டு பூந்தொட்டிக்குள் இருந்தது. மண்ணுக்குள் இறங்கிய நண்டு கற்களின் மேல் மல்லாந்து கிடந்தது. கால்கள் விரிந்திருந்தன. அசைவில்லை.

"அதுவும் போயிருச்சா?" என்றாள் மச்சினி. "வீச்சம் அடிக்கிறதுக்குள்ள குப்பையில போடுங்க. மிச்சத்தக் கடைக்காரனே எடுத்துக்கட்டும்."

நண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கடைக்காரருக்கு போன் செய்தேன். கையில் எடையே தெரியவில்லை.

"நாறுதா சார்?" என்றார்.

"இல்ல."

"முதுகுப் பக்கம் பாருங்க. பிளந்திருக்கா?"

திருப்பிப் பார்த்தேன். கால் நகம் இருந்தது, மீசை இருந்தது, கண் இருந்த மேடுகூட இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"அது நண்டு இல்ல சார், சட்டை. பாம்பு உரிக்குமே, அந்த மாதிரி. நண்டு ராத்திரி மேல வந்து உரிச்சிட்டு மறுபடி மண்ணுக்குள்ள போயிருக்கும். சட்டையத் தூக்கிப் போட்டுறாதீங்க. அதத் தின்னாத்தான் புது ஓடு கெட்டியாகும். அம்மா போன்ல கேட்டப்பவே சொன்னேனே!"

போனை வைத்தேன்.

தனக்கு என்ன ஆகுமோ என்று நடுங்க வேண்டிய வாசலில், மண்ணுக்கடியில் கிடந்த ஓர் உயிருக்குச் சாப்பாடு சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

சட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தேன். சில நாள் கழித்து ஒரு பகலில் மண் அசைந்தது. வெளிறிய நண்டு ஒன்று, பிறந்த குழந்தை போல, தயங்கித் தயங்கி வெளியே வந்தது. கழற்றிப் போட்ட சட்டையைவிடப் பெரியதாக இருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு அதற்குள் எப்படி அடங்கியிருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தன் பழைய காலைத் தானே பிடித்துக் கடிக்க ஆரம்பித்தது.

மச்சினி எனக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"அத்தான்."

"ம்."

"அப்ப அக்கா சொன்னது..."

"ஆமா."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. ஊரு பூரா வேற மாதிரி சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள்.

மனைவி போன பிறகு முதன்முறையாகச் சிரித்தேன். மச்சினி என் வீட்டில் இருந்தவரை யாரிடமும் சொல்லவுமில்லை.

நண்டு சட்டை முழுவதையும் தின்றது. ஒரு கால் நுனியை மட்டும் விட்டுவைத்தது. அது என்னிடம் இருக்கிறது.