கப்பல் ஏறிய மக்

சொகுசுக் கப்பல் ஒன்றின் அறைக்கு, சிவக்கொழுந்து என்ற பயணியின் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் மக் வந்து சேர்ந்தது. அவர் குளியலறையில் வைத்ததும் அது சுற்றிலும் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

“இதுவா குளியலறை? எங்கள் வீட்டில் செருப்பு விடும் இடமே இதைவிடப் பெரிது. ஏ திரையே, குளிக்கிறவர் முதுகில் ஒட்டிக்கொள்ள உனக்கு வெட்கமில்லையா?”

“இடம் அவ்வளவுதான் அண்ணே,” என்றது குளியல் திரை.

மக் அடுத்து வாய் கொப்பளிக்கும் டம்ளரைப் பார்த்தது. “நீ எதற்குடா பொடியா? எறும்பு குளிக்கவா?”



மாலையில் சிவக்கொழுந்து குளிக்க வந்தார். அவருக்குச் சளி, தலை நனையக் கூடாது. ஷவரோ நேரே தலையில்தான் கொட்டும். அதனால் மக்கை வாஷ்பேசின் குழாயடியில் வைத்தார். குழாய் தாழ்வாக இருந்ததால் அது நுழையவில்லை. சாய்த்தும் பார்த்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

“தண்ணீர் பிடிக்காத மக் எதற்கு? குப்பையில் போட வேண்டியதுதான்,” என்றார்.

“தம்பி, ஏதாவது செய்யேன்,” என்று மக் டம்ளரிடம் கெஞ்சியது.

டம்ளர் உருண்டுபோய்க் குழாயடியில் விழுந்தது. சிவக்கொழுந்து அதில் தண்ணீர் பிடித்துப் பிடித்து மக்கில் ஊற்றினார். எட்டாவது டம்ளரில் மக் நிரம்பியது.

உடனே அது திரையைக் கூப்பிட்டது. “பார்த்தாயா, எவ்வளவு தண்ணீர் என்னிடம்! இந்தப் பொடியனால் ஒரு முதுகையாவது நனைக்க முடியுமா?”

அடுத்த சுற்றுத் தண்ணீருக்காக டம்ளர் மறுபடி குழாயடிக்குப் போயிருந்தது.