வேற வீடு

கடையில் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள் தையல்காரி. அவள் காலடியில், துண்டுத்துணிக் கூடைக்குள் மூன்று பூனைக்குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன.

"என்னடி ஆச்சு?" என்றாள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா.

"தாய்ப்பூனை வண்டியில அடிபட்டுச் செத்துடுச்சுக்கா. மாடிப்படிக்கு அடியில கிடந்த இதுங்களை நான்தான் பால் கொடுத்துத் தேத்தினேன். வீட்டுக்காரர் விடமாட்டேங்கிறாரு. 'இன்னைக்கே அதுங்களுக்கு வேற வீடு பாரு, இல்லேன்னா நீயும் சேர்ந்து கிளம்பு'ன்னு சொல்லிட்டாரு."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் கண்ணே திறக்காத குட்டிங்களையா? இப்பவே போய் நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கறேன்!"

"வேண்டாங்க்கா, அவரு கோபக்காரரு..."

"இருக்கட்டும். நானும்தான் கோபக்காரி!"

கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். 'நாலு செங்கல் சொந்தமா இருந்துட்டா இவனுங்களுக்குத் தலைகால் புரியாது' என்று வழியெல்லாம் பொருமியபடி, தையல்காரி குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளக் கதவைத் தட்டினாள்.

கையில் செய்தித்தாளுடன் ஓர் அம்மா திறந்தார்.

"வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க! மனுஷனா அவரு? ஈவு இரக்கம் வேண்டாம்?"

அந்த அம்மா திகைத்தார். "எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சே! இப்ப என்ன பண்ணாரு?"

கடையைப் பூட்டிவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தாள் தையல்காரி.

"ஐயோ அக்கா! வீட்டு ஓனரே இந்த அம்மாதான். நான் சொன்னது என் புருஷனை!"

சத்தம் கேட்டு மாடியிலிருந்து அவன் எட்டிப் பார்த்தான்.

அந்த அம்மா நடந்ததைக் கேட்டுக்கொண்டார். கூடைக்குள் குனிந்து பார்த்தார். பிறகு மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"குட்டிங்க இங்கேயே இருக்கட்டும்மா. வேற வீடு உன் வீட்டுக்காரருக்குப் பாரு."